மின்சாரம் எங்கே நின்றது?

சென்னை அண்ணா சாலையிலிருந்து ரிச்சி தெருவுக்குள் திரும்பினால், பத்தடி நடப்பதற்குள் நாலு குரல் கேட்கும். "லேப்டாப்பா சார்? சார்ஜரா? டிஸ்ப்ளே உடைஞ்சிருக்கா?" ரேடியோ உதிரிபாகங்களில் தொடங்கி, டி.வி., கம்ப்யூட்டர், செல்போன் என்று காலத்தோடு தொழிலை மாற்றிக்கொண்ட சந்தை இது. கீழே உள்ள கடைகளில் விற்பனை நடக்கும். வைத்தியம் நடப்பது மாடியில். எதிரே ஆள் வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டிய படிக்கட்டில் ஏறிப் போனால், சூடான பிசின் வாசனை முதலில் வரும். அதற்குப் பிறகுதான் மேசை விளக்கும், நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்துக் குனிந்திருக்கும் ஆளும் கண்ணில் படுவார்கள்.

அப்படியொரு மேசைக்கு முன்னால் ஒரு கல்லூரி மாணவி நின்றார். கையில் இருந்தது செகண்ட் ஹேண்டில் வாங்கிய லேப்டாப். ஏதோ ஒரு அலுவலகத்தில் மூன்று நான்கு ஆண்டு உழைத்துவிட்டு, மொத்தமாகக் கழித்துவிடப்பட்ட ரகம். உடம்பு கெட்டி, வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது. முந்தின நாள் இரவு வரை ஓடியது, காலையில் பொத்தானை அழுத்தினால் அசைவே இல்லை. முதலில் கொண்டுபோன சர்வீஸ் சென்டரில் பத்து நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். "போர்டு போயிடுச்சு, மாத்தணும்." அதற்கு அவர்கள் கேட்ட தொகை, அவர் அந்த லேப்டாப்பையே வாங்கிய விலையை நெருங்கியது.

"சரியாயிடுமா அண்ணா? ஃபைனல் இயர் புராஜெக்ட் ஃபுல்லா உள்ளதான் இருக்கு."

"பாத்துட்டுச் சொல்றேன்மா. சார்ஜர் எடுத்துட்டு வந்தீங்களா?"

சார்ஜரைச் சுவரில் செருகியதும் அதன் பச்சை விளக்கு எரிந்தது. மறுமுனையை மெக்கானிக் லேப்டாப்பில் செருகினார். விளக்கு பட்டென்று அணைந்தது. உருவினார், சற்று நேரத்தில் மறுபடி எரிந்தது. இன்னொரு முறை செருகிப் பார்த்தார். அதே கதை. மெக்கானிக்கின் முகம் தெளிந்தது. "போர்டு சாகலம்மா. எங்கயோ ஷார்ட்."

ஒரு சின்ன விளக்கு அணைந்ததிலிருந்து அவர் அந்த முடிவுக்கு எப்படிப் போனார்? அதில்தான் பழுதுபார்க்கும் தொழிலின் அறிவியல் முழுவதும் இருக்கிறது. கழற்றுவதும் மாட்டுவதும் கைப்பழக்கம். எது கெட்டது என்று கண்டுபிடிப்பதுதான் வித்தை.

லேப்டாப்பின் தாய்ப்பலகையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்புகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே மின்னழுத்தம் ஒத்துவராது. சார்ஜரிலிருந்து வருவது பெரும்பாலும் 19 அல்லது 20 வோல்ட். டிடிஆர்4 வகை நினைவகத்துக்கு 1.2 வோல்ட் போதும். செயலிக்கு ஏறத்தாழ 1 வோல்ட்தான் வேண்டும். ஆனால் வேலை மும்முரத்தில் பல பத்து ஆம்பியர் குடிக்கும். ஆகவே வாசலில் வரும் மின்சாரத்தைப் படிப்படியாக இறக்கிப் பிரித்துக் கொடுக்கும் வேலையே பலகையில் பெரிய இடத்தை அடைத்துக்கொள்கிறது.

காவிரிப் பாசனத்தில் முறை வைத்துத் தண்ணீர் விடுவதை அறிந்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். சார்ஜரிலிருந்து வரும் மின்சாரம் முதலில் மாஸ்ஃபெட் என்னும் மின் மதகைத் தாண்டிப் பெரிய வாய்க்கால் ஒன்றுக்குள் இறங்குகிறது. கடைக்காரர்கள் அதை மெயின் ரெயில் என்பார்கள். அதிலிருந்து 5 வோல்ட்டும் 3.3 வோல்ட்டுமாக இரண்டு கிளைகள் பிரிகின்றன. இந்த இரண்டும் எப்போதும் விழித்திருப்பவை. லேப்டாப்பை அணைத்து வைத்திருந்தாலும் இவற்றில் மின்சாரம் இருக்கும். அந்த மின்சாரத்தில் ஒரு சின்னக் கட்டுப்பாட்டுச் சிப் காவலிருக்கிறது. நீங்கள் பொத்தானை அழுத்தும்போது கேட்பது அதன் காதுதான். உடனே அது மற்றக் கிளைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கும். ஒவ்வொரு கிளையும் "வந்துவிட்டது" என்று ஒரு சமிக்ஞை கொடுத்தால்தான் அடுத்த மதகு திறக்கும். செயலி இருப்பது கடைமடையில். நடுவில் ஒரு கிளை பதில் சொல்லாவிட்டால் வரிசை அங்கேயே நின்றுவிடும். திரை இருளும், விசிறி சுற்றாது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு லேப்டாப் 'டெட்'.

செயலி, நினைவகம், வட்டு எல்லாம் நல்லபடியாக இருக்கும்போதே இப்படி நேரலாம். பத்து நிமிடத்தில் சொல்லப்படும் 'போர்டு போயிடுச்சு' என்ற தீர்ப்பை நம்பக் கூடாதென்பது அதனால்தான். எந்த மதகில் நின்றது என்று பார்க்காதவரை அது தீர்ப்பே அல்ல.

மெக்கானிக் பின்மூடியைக் கழற்றி, முதல் வேலையாகப் பேட்டரியின் இணைப்பை உருவினார். மேசையில் ஒரு டி.சி. பவர் சப்ளை இருந்தது: மேலே வோல்ட், கீழே ஆம்பியர். 19 வோல்ட்டில் வைத்து, 1 ஆம்பியருக்கு மேல் போகாதபடி பூட்டினார். இந்தக் கருவியின் கீழ் வரிசை எண்களைப் படிக்கத் தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்தமாதிரி. எண் 0.00 என்றே நின்றால் ஜாக், ஃபியூஸ், முதல் மாஸ்ஃபெட் என்று வாசலிலேயே தேட வேண்டும். 0.01, 0.02 என்று நின்றால், வீட்டில் ஆள் இருக்கிறது, கூப்பிட்டால் எழுந்து வரவில்லை. பொத்தானை அழுத்தியதும் கொஞ்சம் ஏறி, விழுந்து, மறுபடி ஏறி விழுந்தால், ஏதோ ஒரு கிளை எழுந்து நிற்க முயன்று தோற்கிறது.

இந்த லேப்டாப்பில் இவை எதுவும் நடக்கவில்லை. இணைத்த மாத்திரத்தில் ஆம்பியர் 1.00-க்குத் தாவிப் பூட்டில் முட்டிக்கொண்டு நின்றது. 19 வோல்ட் 0.4-க்குச் சரிந்தது. எவ்வளவு ஊற்றினாலும் தொட்டி நிரம்பவில்லை, அடியில் ஓட்டை. மின் இணைப்பை எடுத்துவிட்டு மல்டிமீட்டரின் ஒரு முனையை மின்சாரம் திரும்பிப் போகும் தரைப்புள்ளியிலும் மறுமுனையை மெயின் ரெயிலில் உள்ள பெரிய காயிலிலும் வைத்தார். ஆரோக்கியமான பலகையில் அந்த இடத்தில் ஆயிரக்கணக்கான ஓம் மின்தடை காட்ட வேண்டும். மீட்டர் காட்டியது அரை ஓமுக்கும் குறைவு. கூடவே நீளமாக ஒரு பீப்.

மெயின் ரெயில் தரையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. யார் ஒட்டவைத்தது?

சந்தேகப்பட்டியலில் முதலில் நிற்பது செராமிக் கெபாசிட்டர். பழுப்பு நிற உடல், இரண்டு முனையிலும் வெள்ளி நிறத் தொப்பி, கடுகுக்கும் எள்ளுக்கும் இடைப்பட்ட அளவு. ஒரு பலகையில் இவை பல நூறு இருக்கும். மின்சாரத்தைச் சிறிதளவு தேக்கிவைத்து, செயலி திடீரென்று அதிகம் கேட்கும் கணத்தில் பக்கத்திலிருந்தே கொடுப்பது இவற்றின் வேலை. தூரத்திலிருந்து வருவதற்குள் செயலிக்குத் தாகம் தாங்காது; அது கணக்கிடும் காலம் நானோ விநாடிகளில்.

அந்த எள்ளுக்குள் ஒரு அடுக்குமாடியே இருக்கிறது. செராமிக் படலம் ஒன்று, உலோகப் படலம் ஒன்று என்று மாறிமாறி நூற்றுக்கணக்கான அடுக்குகள். செராமிக் பெரும்பாலும் பேரியம் டைட்டனேட் என்ற சேர்மம். இதன் கதையில் நம் பக்கத்து மண்ணுக்கும் ஒரு தொடர்பு உண்டு. இரண்டாம் உலகப் போருக்கு முன் ரேடியோ கெபாசிட்டர்கள் பல மைக்காவால் செய்யப்பட்டன. நல்ல மைக்கா பெருமளவு இந்தியாவிலிருந்துதான் போனது. அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரிலும் சுரங்கங்கள் இருந்தன. போரில் கடல்வழி ஆபத்தானதும், மைக்காவுக்கு மாற்றுத் தேடும் வேலை பல நாடுகளில் தொடங்கியது. 1940-களில் அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், ஜப்பான் ஆகிய மூன்று நாடுகளிலும் ஆய்வாளர்கள் ஒருவரையொருவர் அறியாமல் வந்து சேர்ந்த பொருள் பேரியம் டைட்டனேட். மின்னூட்டத்தைத் தாங்கிக்கொள்ளும் அதன் திறன் மைக்காவைவிடப் பல நூறு மடங்கு. இன்றைக்கு லேப்டாப் இவ்வளவு மெலிந்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் அது மண்பாண்டத்தின் உறவு. அழுத்தினால் தாங்கும், வளைத்தால் விரிசல் விடும். திறந்த லேப்டாப்பை ஒரு மூலையில் பிடித்து ஒற்றைக் கையால் தூக்கும்போது உள்ளேயுள்ள பலகை மயிரிழை அளவு வளைகிறது. பேருந்துக் கூட்டத்தில் பையோடு நசுங்கும்போதும் அப்படித்தான். பலகை வளைந்து நிமிர்ந்துவிடும். கெபாசிட்டருக்குள் விழுந்த விரிசல் நிமிராது. உடனே கெடவும் செய்யாது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஈரம் உள்ளே கசிந்து, ஒருநாள் இரண்டு உலோக அடுக்குகளுக்கு இடையே பாதை போட்டுவிடும். மெயின் ரெயிலில் இருக்கும் கெபாசிட்டரோ லேப்டாப் சார்ஜரில் இருக்கும் நேரமெல்லாம் 19 வோல்ட்டைத் தலையில் சுமந்து நிற்பது. "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்று வாடிக்கையாளர் சொல்வது முழு உண்மை. விரிசல் விழுந்த நாள்தான் அவருக்குத் தெரியாது.

கெட்டவன் யார் என்று தெரிந்துவிட்டது, ஆனால் எங்கே? மெயின் ரெயிலில் பத்திருபது கெபாசிட்டர்கள் அக்கம்பக்கமாக ஒரே கம்பியில் கோத்ததுபோல் நிற்கின்றன. ஒன்று ஷார்ட் ஆனால் மீட்டரில் அத்தனையும் ஷார்ட்தான். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் பலகை பாழாகும். இங்கேதான் மெக்கானிக், தெரிந்தோ தெரியாமலோ, 1841-இல் வெளிவந்த ஓர் ஆய்வைக் கையில் எடுக்கிறார். மான்செஸ்டர் பக்கத்து மதுவடிப்பாலைக் குடும்பத்துப் பிள்ளை ஜேம்ஸ் பிரஸ்காட் ஜூல், மின்சாரம் பாயும் கம்பியில் எவ்வளவு வெப்பம் பிறக்கும் என்று அளந்து சொன்னார்: மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் கிடைக்கும் அளவு. பத்திருபது கெபாசிட்டரில் மின்சாரம் உண்மையில் பாய்வது கெட்டுப்போன ஒன்றின் வழியாக மட்டுமே. ஆக, சூடாவதும் அது மட்டுமே.

பவர் சப்ளையை 1 வோல்ட்டுக்கு இறக்கி, ஆம்பியர் பூட்டைத் தளர்த்தினார். வோல்ட்டை அவ்வளவு குறைவாக வைப்பதற்குக் காரணம் உண்டு. ஷார்ட் திடீரென்று விலகிவிட்டாலும் 1 வோல்ட் மெயின் ரெயிலில் எந்தச் சிப்பையும் எரிக்காது. பிறகு கண்ணாடிப் புட்டியிலிருந்து ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை எடுத்துத் தூரிகையால் பலகை மேல் பூசினார். மழை விட்ட தார்ச்சாலைபோல் பலகை பளபளத்தது. சிவப்பு, கருப்புக் கம்பிகளை இணைத்தார். மீட்டரில் 2.5 ஆம்பியர். இரண்டரை வாட் வெப்பம், பெரும்பகுதி ஓர் எள்ளின் மேல்.

மாணவி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று விநாடி. விசிறி இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஈரத்தின் நடுவே ஒரு புள்ளி காய்ந்தது. சுற்றியிருந்த பளபளப்பில் அந்த ஒரு கெபாசிட்டர் மட்டும் வறண்டு, மங்கலாக, தனியாகத் தெரிந்தது.

"அதோ."

இப்போது பல கடைகளில் வெப்பக் கேமரா வந்துவிட்டது. அதில் பார்த்தால் கெட்ட உறுப்பு வெள்ளையாக ஒளிரும். ஆல்கஹால் பூசுவது ஏழைக் கடையின் வெப்பக் கேமரா. இரண்டும் ஜூல் சொன்னதையே காட்டுகின்றன.

சுற்றியுள்ள பிளாஸ்டிக் இணைப்பான்களுக்கு வெப்பம் தாங்கும் மஞ்சள் டேப்பை ஒட்டி, ஃப்ளக்ஸ் என்னும் பிசினில் ஒரு துளி வைத்து, ஹாட் ஏர் கன்னை மேலே காட்டினார். கெபாசிட்டரை ஒட்டியிருந்த பற்று (சால்டர்) உருகி மினுங்கியதும் சாமணத்தால் அலுங்காமல் எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தார். மறுபடி மீட்டர். பீப் இல்லை. மின்தடை ஏறிக்கொண்டே போய் ஆயிரங்களில் நின்றது.

வரிசையில் ஒன்று குறைந்தாலும் லேப்டாப் பெரும்பாலும் ஓடிவிடும். அப்படியே மூடிக் கொடுத்துவிடும் கடைகளும் உண்டு. அது அரைகுறை வேலை. இருந்த இடத்தில் அதே மதிப்பும், குறைந்தபட்சம் அதே வோல்ட் தாங்குதிறனும் உள்ள இன்னொன்றை வைப்பதுதான் முறை. பழைய பலகை ஒன்றிலிருந்து அதை எடுத்துவரக் கடைப் பையன் கீழே ஓடினான்.

அவன் திரும்பி வருவதற்குள் இன்னும் இரண்டு பேர் வந்து போனார்கள். ஒருவருடைய லேப்டாப்பில் விசிறி சுற்றியது, திரை மட்டும் கருப்பு. மெக்கானிக் செல்போன் டார்ச்சைத் திரையில் சாய்வாக அடித்துப் பார்த்தார். வெளிச்சம் விழுந்த இடத்தில் விண்டோஸ் முகப்பு மங்கலாகத் தெரிந்தது. படம் வருகிறது, பின்னொளி இல்லை. லேப்டாப் பிழைத்தே இருக்கிறது. இன்னொருவருக்கு நினைவகப் பட்டையை உருவி, அதன் தங்க முனைகளைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்துத் துடைத்து, திரும்பச் செருகினார். அது எழுந்துவிட்டது. கடலோர நகரத்தின் உப்பும் ஈரமும் கலந்த காற்றில், இணைப்பு முனைகளில் படலம் படிவது சகஜம். இவை இரண்டும், சார்ஜரையும் கழற்றத்தக்க பேட்டரியையும் எடுத்துவிட்டுப் பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடிப்பதும், கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடியவை.

எல்லாப் பலகையும் இப்படிப் பிழைக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். மெயின் ரெயிலில் இருந்து செயலிக்கான 1 வோல்ட்டை இறக்கிக் கொடுப்பதும் மாஸ்ஃபெட்தான். 1959-இல் பெல் ஆய்வகத்தில் முகமது அட்டல்லாவும் டாவோன் காங்கும் உருவாக்கிய அந்த மின்மதகு, விநாடிக்கு லட்சக்கணக்கான முறை திறந்து மூடி, 19 வோல்ட்டைத் துணுக்குத் துணுக்காக நறுக்கி அனுப்புகிறது. அந்த மதகு திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டால், 1 வோல்ட்டுக்குப் பழகிய செயலியின் மேல் 19 வோல்ட் பாய வழி பிறந்துவிடும். அப்படி எரிந்த செயலி திரும்ப வராது. நேர்மையான மெக்கானிக் அங்கே கையை எடுத்துவிட்டு, வட்டிலிருக்கும் கோப்புகளை மட்டும் மீட்டுக் கொடுப்பார்.

நேர்மை என்ற சொல்லை எடுத்ததும் நினைவுக்கு வருவது சிப்பைச் 'சுட்டு' எழுப்பும் பழக்கம். இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 2006 ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுப் பொருள்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தியது. 183 டிகிரியில் உருகும் பழைய வெள்ளீய-ஈயப் பற்றுக்குப் பதிலாக, 217 டிகிரி வாக்கில் உருகும் ஈயமில்லாப் பற்று வந்தது. அடுத்த ஓரிரு ஆண்டில் உலகெங்கும் லேப்டாப்களின் கிராஃபிக்ஸ் சிப்கள் கொத்துக்கொத்தாகச் செயலிழந்தன. பலர் புதுப் பற்றின் மேல் பழி போட்டார்கள். "பற்று விட்டுப்போச்சு, சூடு காட்டினா ஒட்டிக்கும்" என்று பலகையைச் சமையலறை அவனில் வைத்துச் சுட்டவர்களும் உண்டு. வியப்பு என்னவென்றால், பல லேப்டாப்கள் எழுந்தன. சில நாள், சில வாரம், அதிர்ஷ்டம் இருந்தால் சில மாதம்.

2008 ஜூலையில் என்விடியா நிறுவனம், தன் சில லேப்டாப் சிப்களின் பொதிவில் பயன்படுத்திய பொருள்கள் பலவீனமானவை என்று ஒப்புக்கொண்டு, அந்தச் செலவுக்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. கோளாறு பலகைக்கும் சிப்புக்கும் இடையே இருந்த பற்றில் இல்லை. சிப்பின் பொதிவுக்கு உள்ளேயே இருந்தது. சிலிக்கான் துண்டும் அது உட்கார்ந்திருக்கும் பிளாஸ்டிக் தட்டும் சூட்டில் ஒரே அளவு விரிவதில்லை. தட்டு பல மடங்கு அதிகம் விரியும். லேப்டாப்பை ஆன் செய்து அணைக்கும் ஒவ்வொரு முறையும் இரண்டுக்கும் இடையே உள்ள நுண்ணிய உலோகப் பொட்டுகள் இழுபட்டு, நாளடைவில் விரிசல் விட்டன. சுடும்போது விரிசலின் இரு பக்கமும் விரிந்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன, அவ்வளவுதான். ஒட்டவில்லை. சிப்பையே மாற்றாமல் சூடு மட்டும் காட்டிப் பணம் வாங்குவது, வாடிக்கையாளரின் வீட்டு வாசல்வரை தாங்கும் வைத்தியம். இன்றைக்கும் இது நடக்கிறது. சிப்பைச் சூடு காட்டி எழுப்பினேன் என்று யாராவது சொன்னால், எத்தனை நாளைக்கு உத்தரவாதம் என்று எழுதி வாங்குவது நல்லது.

தண்ணீரில் நனைந்த லேப்டாப்பை அரிசிப் பானையில் வைப்பதும் இதே வகை நம்பிக்கை. அரிசி ஈரத்தை உறிஞ்சும் வேகத்தைவிடத் தண்ணீர் சேதம் செய்யும் வேகம் அதிகம். அந்த இரண்டு கிளைகளை நினைவிருக்கிறதா, அணைத்தாலும் விழித்திருக்கும் 5 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும்? மின்னழுத்தமும் ஈரமும் ஒரே இடத்தில் இருந்தால், நேர்முனையில் உலோகம் கரைந்து, எதிர்முனையில் பெரணி இலை போலக் கிளைவிட்டு வளரும். அந்தக் கிளை மறுமுனையைத் தொட்டால் ஷார்ட். டீ கொட்டினாலும் கிணற்றில் விழுந்தாலும் முதலில் செய்ய வேண்டியது அணைத்துவிட்டுப் பேட்டரியின் இணைப்பை எடுப்பது. உலர்த்துவதெல்லாம் அதற்குப் பிறகு. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய வீடுகளில், வெயிலில் காயவைத்து உடனே ஆன் செய்து பார்க்கும் ஆசையை அடக்கியவர்களுக்குத்தான் பலகை மிஞ்ச வாய்ப்பு இருந்தது. சேறும் உப்பும் போகும்வரை ஆல்கஹாலில் கழுவி எடுத்தால் பிழைக்கும் பலகைகள் பல.

பேட்டரி விஷயத்தில் மட்டும் துணிச்சல் கூடாது. 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், தமிழகம் முழுவதும் 50 லட்சத்துக்கும் அதிகமான மடிக்கணினிகள் மாணவர் கைக்குப் போயின. பல வீடுகளில் பீரோவுக்கு மேல், துணி சுற்றிய நிலையில் அவற்றில் ஒன்று இன்னும் இருக்கும். தம்பிக்கோ தங்கைக்கோ கொடுக்கலாமே என்று எடுத்துச் சார்ஜ் போடுவார்கள், ஏறாது. லித்தியம் அயனி மின்கலம் நிறைந்திருக்கும்போது 4.2 வோல்ட், காலியாகும்போது 3 வோல்ட் வாக்கில். ஆண்டுக்கணக்கில் கிடந்து அது 2 வோல்ட்டுக்கும் கீழே இறங்கினால், எதிர்மின் முனையின் தாமிரத் தகடு கரையத் தொடங்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தத் தாமிரம் வேண்டாத இடத்தில் படிந்து, மின்கலத்துக்குள்ளேயே ஷார்ட் உண்டாக்கலாம். பாதுகாப்புச் சுற்று சார்ஜை மறுப்பது அதனால்தான். அதை ஏமாற்றி 'உசுப்பி' எழுப்பித் தருவதாக யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ, சமதளத்தில் வைத்தும் லேப்டாப் ஆடினாலோ, பேட்டரி உப்பியிருக்கிறது. குத்தக் கூடாது, அழுத்தக் கூடாது, புதிது போட வேண்டும். 2006 ஆகஸ்டில் டெல் நிறுவனம் சோனி தயாரித்த மின்கலங்கள் கொண்ட 41 லட்சம் லேப்டாப் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. தயாரிப்பின்போது உள்ளே நுழைந்த உலோகத் துகள்களே அவ்வளவு பெரிய தீ அபாயத்தைக் கொண்டுவந்தன. பேட்டரியை மாற்றினால் அந்தப் பீரோ மடிக்கணினிகளில் பல இன்னும் ஓடும் என்பது இதன் மறுபக்கம்.

பையன் பழைய பலகையோடு வந்துவிட்டான். எந்தக் கெபாசிட்டரை எடுப்பது? அதன் மேல் எண்ணோ எழுத்தோ கிடையாது. மெக்கானிக் பக்கத்துக் கணினியில் அந்த மாடலின் சர்க்யூட் வரைபடத்தைத் திறந்தார். 10 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் என்று அதில் இருந்தது. அந்த வரைபடம் தயாரிப்பாளர் கொடுத்ததல்ல. தொழில் செய்கிறவர்களிடையே கைக்குக் கை மாறி வந்தது. அது இல்லையென்றால் இந்த வேலை இருட்டில் துழாவுவதுதான்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. வால்வு ரேடியோ காலத்தில் பல பெட்டிகளின் உள்ளேயே சர்க்யூட் வரைபடம் ஒட்டப்பட்டிருக்கும். 1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் தொழில்நுட்பக் கையேட்டில் முழு வரைபடமும் அச்சாகியிருந்தது. காசு கொடுத்து யாரும் வாங்கலாம். லேப்டாப் காலத்தில் அந்தக் கதவு சாத்தப்பட்டது. 2003-இல் கலிஃபோர்னியாவில் இரண்டு மாணவர்கள் ஒரு பழைய ஐபுக் லேப்டாப்பைப் பழுதுபார்க்க முயன்று, கையேடு கிடைக்காமல் தடுமாறித் தாங்களே எழுதத் தொடங்கியதில் பிறந்ததுதான் ஐஃபிக்ஸிட் என்னும் பழுதுபார்ப்புக் கையேட்டுத் தளம். 2021 முதல் பிரான்ஸில் விற்கும் லேப்டாப்களில் எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கலாம் என்ற மதிப்பெண்ணைப் போட்டாக வேண்டும். அதே ஆண்டில் ஃபிரேம்வொர்க் என்ற அமெரிக்க நிறுவனம், வாங்கியவரே ஏறத்தாழ எல்லாவற்றையும் கழற்றி மாற்றக்கூடிய லேப்டாப்பை விற்கத் தொடங்கியது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. மின்னணுப் பொருள்களும் அதன் வரம்பில் உண்டு. ஆனால் மாடிக் கடை மேசைக்கு வரைபடம் இன்னும் நேர்வழியில் வரவில்லை. வாரண்டி முடிந்த பொருள் வாங்கியவருக்கு முழுக்கச் சொந்தம். அதன் வரைபடத்தை மட்டும் பூட்டிவைப்பதில் எந்த நியாயமும் இல்லை. 2022-இல் உலகம் கழித்துப்போட்ட மின்னணுக் குப்பை 6.2 கோடி டன்; முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது அதில் 22.3 சதவீதம் மட்டும். ஓர் எள்ளளவு உறுப்புக்காக முழுப் பலகையைத் தூக்கிப்போடும் தீர்ப்புகளும் அந்தக் குவியலில் சேர்ந்திருக்கின்றன.

புதுக் கெபாசிட்டர் இடத்தில் உட்கார்ந்தது. ஆறவிட்டு, ஃப்ளக்ஸ் பிசுக்கைத் துடைத்துவிட்டு, பவர் சப்ளையை மறுபடி 19 வோல்ட்டில் வைத்தார். 0.02. காவல் சிப் விழித்துவிட்டது. பொத்தானை அழுத்தினார். 0.35. 0.80. 1.15-க்குப் போய், நிலைகொள்ளாமல் மேலும் கீழும் அலைந்தது. அந்த அலைச்சல்தான் அவர் பார்க்க விரும்பியது. செயலி எதையோ படிக்கிறது, யோசிக்கிறது, அதனால்தான் கேட்கும் அளவு மாறுகிறது. விசிறி மூச்சுவிட்டது, சில விநாடியில் திரை வெளுத்தது.

மாணவி பேசவில்லை. கடவுச்சொல்லைப் போட்டு, புராஜெக்ட் கோப்பைத் திறந்து, கடைசிப் பக்கம் வரை இழுத்துப் பார்த்தார்.

"முதல்ல அதை ஒரு பென்டிரைவ்ல போட்டுக்கோங்கம்மா. ஒரு மணி நேரம் ஓடட்டும், சூடாகுதான்னு பாத்துட்டுத் தர்றேன்."

ஒரு மணி நேரம் கழித்து, திறந்திருந்த லேப்டாப்பின் வலது மூலையைப் பிடித்து மாணவி ஒரு கையால் தூக்கப் போனார். மெக்கானிக் அவசரமாகக் கை நீட்டினார்.

"ரெண்டு கையாலயும் பிடிங்கம்மா."

அவர் மூடியைச் சாத்திவிட்டு, இரண்டு கையாலும் எடுத்துப் பைக்குள் வைத்தார்.